படத்தில் இன்னொருவர்

என் ஸ்டுடியோவிலிருந்து ரோட்டைத் தாண்டினால் அந்த அலுவலகம். வாசல் பலகையில் மரியாதையான பெயர் ஒன்று எழுதியிருக்கிறது. அதில் 'நலன்' என்று ஒரு சொல் வருகிறது, 'ஒழுங்கு' என்று ஒரு சொல் வருகிறது. ஆட்களைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிற இடத்துக்கு நலன் என்று பெயர் வைத்தவன் ராத்திரி நன்றாகத் தூங்குகிறவனாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'எதிர் ஆபீஸ்' என்போம்.

எனக்குச் சோறு போடுவது எதிர் ஆபீஸ்தான். வெளியேற்றப்படுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பயண அட்டை, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படம். அதை எடுக்கிற வேலை என்னிடம் இருக்கிறது. அதற்காக ஆபீஸ்காரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட என்னால் முடியாது. என் கடைக்கு ஆட்களைக் கூட்டி வருகிறார்கள், நான் எடுக்கிறேன், பிரிண்ட் போட்டு நானே ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அத்தோடு சரி.

கொடுக்கிற இடத்தில் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கும், என் கடையில் அவன் பெயர் ஸ்கேல். பள்ளிக்கூடத்துப் பென்சில் பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எப்போதும் சட்டைப் பையில் குத்தி வைத்திருப்பான். படத்தை வாங்கியதும் அதை எடுத்து முகவாயிலிருந்து உச்சந்தலை வரை அளப்பான். ஒரு கோடு கூடினாலும் திருப்பித் தள்ளுவான். அளக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ பாலம் கட்டுகிறவன் மாதிரி இருக்கும்.

அவன் தலைக்கு மேல் விதிப் பலகை. கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். இரண்டு காதும் இரண்டு தோளும் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தில் இன்னொருவர் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்காக எழுதியதைக் குழந்தைகளுக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். எழுதிய மகராசனுக்குப் பிள்ளை குட்டி இல்லையோ, இருந்தும் ஒருநாளும் கையில் தூக்கியதில்லையோ, தெரியாது. உட்காரவே தடுமாறுகிற குழந்தை ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, நேராகப் பார்த்து, அரசாங்கத்துக்கு ஒத்துழைக்க வேண்டும்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம். அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுவேன். அந்த வெள்ளை மடியில் குழந்தையை வைப்பேன். துணிக்குள்ளிருந்து அவள் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். தான் யார் மடியில் இருக்கிறோம் என்று குழந்தைக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. படத்தில் அம்மாவே இல்லாத மாதிரி, வெள்ளைக்கு நடுவில் குழந்தை மட்டும் இருக்கும். எல்லா ஸ்டுடியோவிலும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

தையல்காரி வந்தது ஒரு திங்கட்கிழமை. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பின்னால் காவலுக்கு ஒரு அம்மா. அந்தக் காவல்கார அம்மாவுக்கு நான் கொட்டாவி என்று பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது. வந்ததும் பெஞ்சில் உட்காருவாள், கொட்டாவி விடுவாள், ஏதாவது ஒன்றுக்கு அனுமதி இல்லை என்று சொல்வதற்கு மட்டும் கண்ணைத் திறப்பாள்.

தையல்காரி ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். அவள் வீட்டுக்காரனைக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் பிடித்து ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு வாடகை அறையில் இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். இவளையும் குழந்தையையும் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்தது இங்கே, அவர்கள் குடியிருந்த அறையில். இங்கேயும் பதியவில்லை, அங்கேயும் பதியவில்லை. ஆக, அட்டை வருகிற வரை குழந்தையை வெளியே அனுப்பவும் முடியாது, உள்ளே இருக்க விடவும் முடியாது. நடக்கத் தெரிந்து கொஞ்ச நாள்கூட ஆகாத ஒருத்தி அரசாங்கத்துக்கு இவ்வளவு தலைவலி கொடுத்து நான் பார்த்ததில்லை. குழந்தைக்கு வாண்டு என்று நான்தான் பெயர் வைத்தேன்.

"எப்ப அனுப்பறாங்க?" என்று கொட்டாவியிடம் கேட்டேன்.

"மாசக் கடைசி பஸ். அதுக்குள்ள அட்டை வந்தா ரெண்டு பேரும் போவாங்க. வரலைன்னா அம்மா மட்டும்."

"அப்ப குழந்தை?"

"காப்பகத்துல இருக்கும். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

தையல்காரி இதை ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தாள். "அக்கா, இது தையல் விட்டிருக்கு," என்றாள். ஓரத்தில் ஒரு கிழிசல், ஒரு ஜாண் இருக்கும். "ஊசி நூல் இருந்தா குடுங்க, ஒரு நிமிஷத்துல போட்டுடறேன். சும்மா இருக்கக் கை வரமாட்டேங்குது."

மேஜை டிராயரைத் திறந்து ஊசியை நீட்டினேன். பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "ஊசி அனுமதி இல்லம்மா."

"துணி தைக்கிறதுக்கு," என்றேன்.

"கூர்மையான பொருள் எதுவும் கைல குடுக்கக் கூடாது."

"சரி, ஒரு ஊக்கு குத்திக்கறேன்."

"ஊக்கும் கூர்மைதானே."

அந்தக் கிழிசலால் தேசத்துக்கு வரவிருந்த ஆபத்தைத் தடுத்துவிட்டு அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தையல்காரியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு சுலபமாக வரும். இருக்கிற நிலைமையில் எப்படி வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எப்போதும் போல முதலில் காலி ஸ்டூலை ஒரு படம் எடுத்து லைட் சரிபார்த்தேன். பிறகு அவளை உட்கார வைத்துப் போர்த்தினேன். அம்மா காணாமல் போனதும் வாண்டு உதட்டைப் பிதுக்கியது. துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா எங்கே? அம்மா எங்கே?" வாண்டு யோசித்தது. இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தது. உள்ளே அம்மா முகம். அவ்வளவுதான், கடை அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. மறுபடி போர்த்தினால் மறுபடி இழுக்கும், மறுபடி சிரிக்கும். இந்த விளையாட்டு அவர்களுக்குள் பழையது போலிருக்கிறது. என் துணி வந்ததில் அதற்கு நல்ல வசதியாகிவிட்டது.

எத்தனை எடுத்தும் எல்லாவற்றிலும் வாய் திறந்திருந்தது. இருப்பதில் கொஞ்சமாகத் திறந்ததை எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது தையல்காரி தயங்கி நின்றாள். "அக்கா, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுக்க முடியுமா? போன்ல நிறைய இருந்துச்சு. பிடிச்சப்போ போனை வாங்கிட்டாங்க, திருப்பித் தரலை. அவருக்குக் காட்டக்கூட ஒண்ணும் இல்ல."

நான் கேமராவைத் திருப்பினேன். கொட்டாவி எழுந்தே நின்றுவிட்டாள். "அனுமதிச் சீட்டுல குழந்தைன்னுதான் இருக்கு. அம்மாவுக்கு ஏற்கெனவே படம் எடுத்தாச்சு. சேத்தெல்லாம் எடுத்தா எனக்குத்தான் பிரச்சினை."

"என் கேமரா, என் பேப்பர்," என்றேன்.

"ஆள் எங்களுதாச்சே," என்றாள்.

ஆள் எங்களுது என்று கூசாமல் சொன்னாள். கடைக்குள் வைத்து ஒருத்தியைத் தன் சாமான் மாதிரிச் சொல்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. தையல்காரி, "பரவால்லக்கா, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கறோம்," என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். அவள் என்னைச் சமாதானப்படுத்தும்படி ஆகிவிட்டது நிலைமை.

படப் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் என்ன வெட்டி முறிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஸ்கேல் படத்தை வாங்கினான், அளந்தான், திருப்பித் தள்ளினான்.

"வாய் திறந்திருக்கு."

"குழந்தை சிரிக்குது சார்."

"அதான் திறந்திருக்கு."

அடுத்த வாரம் வாயை மூட வைத்தோம். தையல்காரி துணிக்குள்ளிருந்து பேசவே இல்லை, ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வாண்டு நேராகப் பார்த்தது. அதையும் திருப்பினான். இடது காதில் முடி விழுந்து பாதி காது தெரியவில்லையாம். "நாளைக்குக் காதைப் பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாங்க," என்று எனக்குப் பாடம் எடுத்தான். ஒன்றரை வயதுக் காது வளரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் அளந்து பார்க்காமல் நம்பியிருக்க மாட்டான்.

மூன்றாவது தடவை வந்தது பஸ்ஸுக்கு முன்னால் இருந்த கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில். தையல்காரி அன்றைக்குச் சிரிக்கவில்லை. வாண்டுக்குச் சளி பிடித்திருந்தது. முடியைத் தண்ணீர் தொட்டு இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிக் கொண்டுவந்திருந்தாள். "இன்னிக்கு எப்படியாவது எடுத்துடுங்கக்கா," என்றாள். வேறொன்றும் பேசாமல் தானே துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வாண்டுக்கு உடம்பு முடியவில்லை. எதற்கும் மசியாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. துணிக்குள்ளிருந்து சத்தம் வரக் கூடாது, வந்தால் சிரிக்கும். பிஸ்கட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. பெஞ்சிலிருந்து, "நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு," என்று பாட்டு வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்போது அந்தக் கிழிசலிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. வாண்டின் தோளில் மெதுவாகத் தட்டியது. தூங்க வைக்கும்போது தட்டுகிற தட்டு அது, அவசரமே இல்லாமல் இருந்தது. வாண்டு சிணுங்கலை நிறுத்தியது. வாயை மூடியது. கண்ணை அகலமாகத் திறந்து என்னை நேராகப் பார்த்தது. இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன. நான் அழுத்திவிட்டேன்.

எடுத்த பிறகுதான் பார்த்தேன். தோளில் விரல் நுனி இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊசி குத்தி ஆறிய புள்ளிகள்கூடத் தெரிந்தன.

"இன்னும் ஒண்ணு எடுத்துடலாம்," என்றேன்.

"அவ்வளவுதான். ஒருத்திக்கு இவ்வளவு நேரம் குடுத்ததே அதிகம்," என்று கொட்டாவி வாண்டை மடியிலிருந்து தூக்கிவிட்டாள். தூக்கியதும் அது வீறிட்டது. அதற்குமேல் அன்றைக்கு அதை உட்கார வைக்க யாராலும் முடியாது.

கம்ப்யூட்டரில் அந்த விரலை அழிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் திருத்திய படத்தை அவர்கள் மெஷின் மோப்பம் பிடித்துவிடும். பிடித்தால் குழந்தையின் பேரில் 'போலி' என்று விழும், பிறகு அட்டை கனவிலும் வராது. வெட்டி எடுக்கலாம் என்றால் இரண்டு தோளும் வேண்டும் என்கிறது விதி. எனவே விரலோடு கொண்டுபோனேன். ஒரு விரல் நுனிதானே, கண்ணில் படாது என்று ஒரு நப்பாசை. தையல்காரியும் வாண்டைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள், கொட்டாவி எங்கள் பின்னால்.

ஸ்கேல் அளந்தான். தலை சரி. வாய் சரி. காது இரண்டும் சரி. பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"இது என்ன?"

"என் விரல் சார்," என்றாள் தையல்காரி. "அழுதுட்டே இருந்துச்சு, தட்டிக் குடுத்தேன்."

"படத்துல இன்னொருவர் இருக்கக் கூடாது."

"இன்னொருத்தர் இல்ல சார், நான்தான். அவ அம்மா."

"குழந்தையத் தவிர யாரா இருந்தாலும் இன்னொருவர்தான்."

அவள் கண்ணாடிக்குக் கிட்டே போனாள். "அப்ப என்னைய அடுத்த பஸ்ல அனுப்புங்க சார். அடுத்த செவ்வாய்க்கிழமை நல்லபடியா எடுத்துக் குடுத்துடறோம். நான் போக மாட்டேன்னு சொல்லலை. இவளோட போறேன்னுதான் சொல்றேன்."

"பஸ் வேற பிரிவு," என்றான்.

"அங்க யாரைப் பாக்கணும்?"

"அங்க பொதுமக்களைப் பாக்க மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபமில்லை, வருத்தமில்லை, ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தான். படத்தில் விரலைச் சுற்றி அழகாக வட்டம் போட்டான். பக்கத்தில் 'இன்னொருவர்' என்று எழுதினான், கீழே கையெழுத்தும் தேதியும் போட்டான், முத்திரையும் குத்தினான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்தக் கையை அப்படியே கண்ணாடியோடு சேர்த்து நசுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. படத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. ஆபீசின் பக்கவாட்டு வாசலில் நிற்கும், என் கடையிலிருந்து நன்றாகத் தெரியும். தையல்காரியைக் கூட்டி வந்தபோது அவள் கையில் ஒரு பை மட்டும் இருந்தது. குழந்தை இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது, தூங்கிக்கொண்டிருந்தபோது காப்பகத்துக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எழுந்திருக்கும்வரை காத்திருந்தால் கூச்சல் போடும் என்று அப்படிச் செய்தார்களாம். அதை ஒரு நல்ல காரியம் மாதிரி கொட்டாவி என்னிடம் சொன்னாள்.

படியில் ஏறப்போனவள் நின்று என் கடைப் பக்கம் பார்த்தாள். கை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. என்னவென்று ஆட்டுவது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை வைத்திருக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் மடியில் வளைத்து வைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது. அன்றைக்கு மேற்கொண்டு யாருக்கும் படம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை, ஷட்டரை இறக்கிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஸ்கேலே என் கடைக்கு வந்தான். கூட மனைவியும் கைக்குழந்தையும். லீவில் குடும்பத்தோடு வெளிநாடு பார்க்கப் போகிறார்களாம், பையனின் பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டுமாம், அதுவும் இவன் பிரிவுக்குத்தான் போகுமாம். நடுவில் அந்தக் கவுன்டர் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஆள் சின்னதாக இருந்தான். கடையில் சிரித்துப் பேசினான். சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மனைவியை உட்கார வைத்துப் போர்த்தினேன். அந்தப் பெண்ணுக்கு இது புதுசு, பையன் நழுவிவிடுவானோ என்ற பயத்தில் துணிக்கு வெளியே கையை விட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். படத்தில் நாலு விரல் மோதிரத்தோடு விழுந்திருந்தது.

"சார், விரல் தெரியுது. இன்னொண்ணு எடுக்கறேன்," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "பரவால்ல விடுங்க. அம்மா கைதானே."

"உள்ள ஒத்துப்பாங்களா?"

"நான்தானே பாக்கப் போறேன்," என்று சொல்லிப் பையனின் கன்னத்தைக் கிள்ளினான்.

அந்தப் பெண் மேல் எனக்கென்ன கோபம், அவள் தன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த நன்றி என் கையில் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை கொட்டாவி வந்தாள். இடுப்பில் வாண்டு. அட்டைக்கு இன்னும் படம் பாக்கி இருக்கிறதாம், எடுத்து அனுப்பச் சொன்னார்களாம். வாண்டுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது இரண்டும் விதிப்படி இருந்தன. கீழே இறக்கிவிட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தது, லைட்டைப் பார்த்தது, ஸ்டூலைப் பார்த்தது. ஸ்டூலின் மேல் துணியை நான் குவித்துப் போட்டிருந்தேன்.

வாண்டு நேராக அங்கே போனது. முகம் மாறிவிட்டது, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே போனது. இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தது. துணி கீழே விழுந்தது, ஸ்டூல் காலியாக இருந்தது. அது நம்பவில்லை. குனிந்து விழுந்த துணியைப் புரட்டியது. தூக்கி அடியில் பார்த்தது. தானே துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தேடியது. துணிக்குள் அது அங்குமிங்கும் நகர்வதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டாவிக்குக்கூட அப்போது கொட்டாவி வரவில்லை.

"அம்மா இங்க இல்லடா கண்ணு," என்று தூக்கி எடுத்தேன். அழுமென்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

கொட்டாவியைப் போர்த்தி உட்கார வைக்கப் பார்த்தேன், அவள் தனக்கு அதற்கு அனுமதி இல்லை என்றாள். தேவையும் இருக்கவில்லை. வாண்டை ஸ்டூலில் வைத்தேன், வைத்த இடத்தில் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் தட்டவில்லை. வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. நேராக என்னைப் பார்த்தது. முதல் கிளிக்கிலேயே விதிப் பலகையில் உள்ள அத்தனையும் சரியாக விழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தையை இவ்வளவு சுலபமாக நான் எடுத்ததில்லை, என் தொழிலே எனக்கு அருவருத்தது.

மறுநாள் ஸ்கேல் அதை அளந்து பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டான். "இது படம். முதல்லயே இப்படிக் குடுத்திருந்தா இவ்வளவு இழுத்திருக்காதுல்ல."

அவனை ஒன்றும் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குழந்தை போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம் என்று அடக்கிக்கொண்டேன். "இனி அம்மாகிட்ட அனுப்பிடுவீங்கல்ல?" என்றேன்.

"அட்டை ஓகே. ஆனா ஒப்படைக்கிறது உறவுப் பிரிவு. அந்தப் பக்கம் வாங்கிக்கிறவங்க அம்மாதான்னு அவங்களுக்குத் தெரியணும். பிறப்புப் பதிவு இல்லையே."

"அதுக்கு என்ன வேணும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து இருக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா போதும்."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

"அம்மாவும் குழந்தையும். சேந்து. ஒரே படத்துல."

நான் சிரித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பையைத் திறந்தேன். அன்றைக்கு அவன் திருப்பித் தந்த படம் அதிலேயேதான் இருந்தது. கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.

"இந்தாங்க. சேந்து இருக்காங்க."

அவன் பார்த்தான். "இதுல அம்மா எங்க?"

"துணிக்குள்ள இருக்கா. நீங்க வரக் கூடாதுன்னு சொன்னதால உள்ள போனா. வெளிய வந்தது அந்த ஒரு விரல்தான், அதையும் நீங்களே வட்டம் போட்டுக் காட்டியிருக்கீங்க. இன்னொருவர்னு உங்க கையாலயே எழுதியிருக்கு, கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அவன் தன் எழுத்தைப் பார்த்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனுஷன் மாதிரி தெரிந்தான். பிறகு சரியாகிவிட்டான்.

"இன்னொருவர்னுதான் எழுதியிருக்கேன். அம்மான்னு எழுதலையே."

"அவ உங்க எதிர்லயே சொன்னாளே சார், என் விரல்னு."

"வாயால சொன்னது கணக்கு இல்ல."

"உங்க பையன் படத்துல நாலு விரல் இருந்துச்சு. அம்மா கைதானேன்னு என் கடைல வச்சுச் சொன்னீங்க."

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அது வேற. அது என் வீட்டுக்காரி கைன்னு எனக்குத் தெரியும்."

"இது யாரு விரல்னு எனக்குத் தெரியும்."

"நீங்க உறவுக்காரங்க இல்லையேம்மா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். படத்தைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினான். "அந்தப் பக்கத்துலேர்ந்து அவங்களே வந்து விண்ணப்பிக்கலாம்."

"வெளியேத்தினவங்களை உள்ள விடுவீங்களா?"

"விட மாட்டோம்," என்றான். "அடுத்தவங்க வாங்க."

எனக்குப் பின்னால் நின்றவள் ஒரு சின்ன வயசுத் தாய். தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இன்னொரு காவல்கார அம்மா. அவள் கண்ணாடிக்குப் போகாமல் என்னைத் தயக்கமாகப் பார்த்தாள். "அக்கா, குழந்தைக்குப் படம் எடுக்கணும்னாங்க. எங்க எடுக்கறது?"

"எதிர்லதான். வா."

காவல்கார அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். "குழந்தைக்கு மட்டும்தான் அனுமதி."

"தெரியும்," என்றேன். "முதல்ல லைட் சரிபாக்க ஒண்ணு எடுப்பேன். அது கணக்குல வராது. அதுக்கு யாராவது உக்காரணும்." தூங்குகிற குழந்தையின் தலையிலிருந்து துண்டை விலக்கி முகத்தைப் பார்த்தேன். "நீ இவனை மடியில வச்சுக்கிட்டு உக்காரு. நல்லா நேரா உக்காரு. முகம் தெரியணும், கை தெரியணும். அது முடிஞ்ச அப்புறம்தான் துணி."